பிரீமியம் குறைகிறதா, காப்பீடு குறைகிறதா? ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கார் காப்பீட்டுக் கணக்கு

2 அக்டோபர் 2024

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி எழுதிய கேள்வியை அப்படியே தருகிறேன்.

"அண்ணன், 2021 அக்டோபரில் வாங்கிய என் 1197 சிசி பெட்ரோல் காருக்கு இந்த மாதம் 19-ஆம் தேதி இன்சூரன்ஸ் முடிகிறது. மூன்று ஆண்டுகளில் ஒரு கிளைம்கூட எடுக்கவில்லை. சென்ற ஆண்டு 9,860 ரூபாய் கட்டினேன். இந்த ஆண்டு அதே கம்பெனி 12,130 ரூபாய் கேட்கிறது. போனில் அழைத்த இன்னொருவர் 7,550 ரூபாய்க்கே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். பழைய கம்பெனி என்னை ஏமாற்றுகிறது என்பதுதானே இதன் பொருள்?"

இல்லை தம்பி. இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

3 அக்டோபர் 2024

தாள்கள் வந்தன. முதலில் 12,130-ஐ எடுத்துக்கொள்வோம். 2018 செப்டம்பர் 1 முதல், புதிய கார் வாங்கும்போதே மூன்று ஆண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது உங்கள் காரால் மற்றவர்களுக்கு நேரும் இழப்புக்கான காப்பை, சேர்த்துக் கட்டியாக வேண்டும். நீங்களும் 2021-இல் அதைக் கட்டியிருக்கிறீர்கள், ஆனால் அந்தத் தொகை ஷோரூம் பில்லில் கலந்துபோனதால் உங்கள் கண்ணில் படவில்லை. அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் நீங்கள் கட்டியது சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் மட்டுமே. இந்த மாதத்தோடு அந்த மூன்றாண்டுக் காலம் முடிவதால் மூன்றாம் நபர் பகுதி மீண்டும் வந்து சேர்கிறது. 1000 முதல் 1500 சிசி வரையிலான தனியார் காருக்கு அது 3,416 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,031 ரூபாய். ஆனால் உங்கள் தொகை ஏறியிருப்பது 2,270 ரூபாய்தான். கிளைம் எடுக்காததற்குத் தரும் கழிவான நோ கிளைம் போனஸ் 25 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்ந்ததும் காரின் மதிப்பு இறங்கியதும் மீதியைக் குறைத்திருக்கின்றன. பழைய கம்பெனி உங்களை ஏமாற்றவில்லை.

இந்த 3,416 ரூபாய் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாது, ஏனென்றால் அதை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 1000 சிசிக்குள் இருந்தால் 2,094 ரூபாய், 1500 சிசியைத் தாண்டினால் 7,897 ரூபாய். 2022 ஜூன் முதல் இவைதான் நடைமுறையில் உள்ளன. ஆகவே "தேர்ட் பார்ட்டியிலும் உங்களுக்குத் தள்ளுபடி வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவது சொந்தச் சேதப் பகுதியும் கூடுதல் காப்புகளும்தான், 2007-இல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து அங்கேதான் போட்டி நடக்கிறது. பேரம் பேசுவதாக இருந்தால் அங்கே பேசுங்கள்.

3 அக்டோபர் 2024, இரவு

இப்போது 7,550 ரூபாய்த் தாள். அதில் காரின் மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 3,60,000 ரூபாய் என்று போடப்பட்டிருக்கிறது. பழைய கம்பெனியின் தாளில் அது 4,90,000 ரூபாய். கார் திருடுபோனாலோ முழுவதும் அழிந்தாலோ உங்கள் கைக்கு வருவது இந்தத் தொகைதான் என்பதால், முதல் வித்தியாசமே 1,30,000 ரூபாய். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்: மலிவான தாளில் அந்த எல்லை 2,70,000 ரூபாயிலேயே வந்துவிடும், அதாவது சீர்செய்து ஓட்டக்கூடிய காரையும் குறைந்த தொகைக்கு ஒப்படைக்க நேரிடும். அதோடு, நம்மவர்கள் "பம்பர் டு பம்பர்" என்று சொல்லும் ஜீரோ டெப் காப்பு, அதாவது மாற்றும் பாகங்களின் விலையில் தேய்மானம் பிடிக்காத காப்பு, அந்தத் தாளில் இல்லை. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் இல்லை. உங்களுக்கு வேறு பாலிசியில் அதே அளவு விபத்துக் காப்பு ஏற்கெனவே இருந்தால் இதை விட்டுவிடலாம், அதற்குச் சட்டமே இடம் தருகிறது. இல்லையென்றால் விடக் கூடாது.

ஆகவே 4,580 ரூபாய் மிச்சம் என்று அவர் சொன்னது பொருளைக் குறைத்து வந்த மிச்சம். அதே ஐ.டி.வி., அதே ஜீரோ டெப், அதே விபத்துக் காப்பு என்று மூன்றையும் எழுத்தில் கொடுத்துக் குறைந்தது மூன்று கம்பெனிகளிடம் விலை கேளுங்கள். அப்போது வருகிற வித்தியாசம்தான் உண்மையான வித்தியாசம்.

5 அக்டோபர் 2024

தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார். ஒத்த நிபந்தனைகளில் 10,900, 11,450, 12,130 என்று மூன்று விலைகள் வந்திருக்கின்றன. முதல் கம்பெனி, தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் உதவும் இன்ஜின் பாதுகாப்புக் காப்பை 700 ரூபாய்க்குச் சேர்க்கச் சொல்கிறதாம், தேவையா என்று கேட்கிறார்.

தேவையில்லை என்பது என் கருத்து. சென்னையைப்போல நம் கரையில் தண்ணீர் நிற்பதில்லை. உச்சிப்புளியிலிருந்து தங்கச்சிமடம் வரை மணல் பூமி, பெய்த மழை அன்றைக்கே இறங்கிவிடும். என் தங்கை கணவரும் சென்ற மாதம் இதையே கேட்டார், அவருக்கும் இப்படித்தான் சொன்னேன்.

9 அக்டோபர் 2024

நோ கிளைம் போனஸைப் பற்றிப் பலர் கேட்டிருப்பதால் விரிவாக எழுதுகிறேன். கிளைம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று அது ஏறும், ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடும். சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமே இந்தக் கழிவு கிடைக்கும். ஒரே ஒரு கிளைம் எடுத்தாலும் அடுத்த ஆண்டு பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2023 ஆகஸ்டில், எங்கள் வீட்டுத் தோப்பில் நிறுத்தியிருந்த காரின் பின்பக்கத்தில் தென்னை மட்டை விழுந்து விளக்கு உடைந்தது, டிக்கியும் நசுங்கியது. பழுதுச் செலவு 5,800 ரூபாய். ஜீரோ டெப் இருந்ததால் கட்டாயப் பிடித்தமான 1,000 ரூபாய் போக 4,800 ரூபாய் கிடைத்திருக்கும். எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிளைம் எடுத்தால் அடுத்த ஆண்டு 50 சதவீதக் கழிவு போய்விடும், அதற்கடுத்த ஆண்டு 30 சதவீதம் குறையும், அதன்பின் 25, 15, 5 என்று ஐந்து ஆண்டுகள் அந்த இழப்பு தொடரும். எல்லாவற்றையும் கூட்டி வரியும் சேர்த்தபோது ஏறத்தாழ 6,600 ரூபாய் வந்தது. ராமநாதபுரத்தில் நம்பிக்கையான பட்டறையில் கைக்காசு கொடுத்துச் சரிசெய்துகொண்டேன். பிரீமியத்தில் 200 ரூபாய் குறைப்பதற்கு அலைவதைவிட இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது அதிகப் பயன் தரும்.

10 அக்டோபர் 2024

நேற்று எழுதியதோடு சேர வேண்டிய ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் போனஸ் காருக்குரியது அன்று, உரிமையாளருக்குரியது. 2019-இல் பழைய காரைச் சாயல்குடிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுப் புதியது வாங்கியபோது என் கையில் 50 சதவீதப் போனஸ் இருந்தது. பழைய கம்பெனியிடம் ஒரு சான்றுக் கடிதம் வாங்கியிருந்தால் அதை மூன்று ஆண்டுகளுக்குள் எந்தப் புதிய காருக்கும் பயன்படுத்தியிருக்கலாம். ஷோரூமில் ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. புதிய காரின் முதல் ஆண்டுப் பிரீமியம்தான் எல்லாவற்றிலும் பெரியது என்பதால், ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் இழந்தேன். இப்போது கார் மாற்ற நினைப்பவர்கள் விற்பனைத் தாளில் கையெழுத்திட்ட கையோடு அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

14 அக்டோபர் 2024

பெரியபட்டினத்தைச் சேர்ந்த ஒருவர் துபாயிலிருந்து எழுதுகிறார். கார் வீட்டுக் கொட்டகையில் உறை போட்டு நிற்கிறது, ஓட்டுவதற்கு ஆள் இல்லை, பாலிசி முடிந்து நான்கு மாதமாகிறது, ஊருக்கு வரும்போது புதுப்பித்துக்கொள்ளலாமா என்பது அவருடைய கேள்வி.

புதுப்பிக்கலாம், ஆனால் 90 நாள் தாண்டிவிட்டதால் அவர் சேர்த்து வைத்திருந்த போனஸ் முழுவதும் போய்விட்டது. இடைவெளி விழுந்த காரைப் பரிசோதித்த பிறகுதான் சொந்தச் சேதக் காப்புத் தருவார்கள். மைத்துனரோ தம்பியோ அவசரத்துக்கு அதை எடுத்து ரோட்டில் ஓட்டிச் சோதனையில் சிக்கினால் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டம் இடம் தருகிறது. விபத்தில் ஓர் உயிர் போய்விட்டால் நஷ்ட ஈடு முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும். வெளிநாட்டில் இருப்பவர்கள் முடிவுத் தேதியைக் கைப்பேசியில் ஒரு மாதம் முன்பே நினைவூட்டலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

17 அக்டோபர் 2024

கீழக்கரைத் தம்பி 10,900 ரூபாய்க்கு முடித்துவிட்டார், இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கவில்லை.

இதற்கிடையே ஒருவர் "விருப்பப் பிடித்தம்" பற்றிக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு கிளைமிலும் 2,500 ரூபாயைக் கூடுதலாக நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், பழைய கட்டண விதிப்படி சொந்தச் சேதப் பகுதியில் 20 சதவீதம் குறைப்பார்கள், ஆனால் அது 750 ரூபாயைத் தாண்டாது. வரியோடு 885 ரூபாய் மிச்சமாகும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கும் குறைவாகக் கிளைம் எடுப்பவர்களுக்கு இது லாபம். சிறிய கிளைம்களை எடுக்கக் கூடாது என்று மேலே சொன்ன கணக்கை ஏற்பவர்களுக்கு இது இயல்பாகவே பொருந்தும்.

சென்னையில் பதிவான காரை ஊருக்குக் கொண்டுவந்து ஓட்டுபவர்களுக்கு ஒரு சிறு தகவல். சென்னை முதலிய எட்டு பெருநகரங்கள் ஒரு மண்டலம், மற்ற ஊர்கள் எல்லாம் இன்னொரு மண்டலம். நம் டி.என். 65 இரண்டாவதில் வருவதால் அடிப்படை விகிதம் சற்றுக் குறைவு. அந்த வித்தியாசம் சில நூறு ரூபாய்தான், அதற்காகப் பதிவை மாற்றி அலைய வேண்டாம்.

22 நவம்பர் 2024

இன்ஜின் பாதுகாப்புத் தேவையில்லை என்று அக்டோபர் 5-ஆம் தேதி நான் எழுதியது தவறு. அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன், இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அதைப் படியுங்கள்.

நேற்று முன்தினம், 20-ஆம் தேதி, ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் தெருக்கள் ஓடைகளாயின. நான் அன்று தங்கை வீட்டில் இருந்தேன், என் காரும் மாப்பிள்ளையின் காரும் வாசலில் அருகருகே நின்றன. மணல் நீரை இழுத்துக்கொள்ளும் என்ற என் நம்பிக்கை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மண் நிரம்பிய பிறகு அது எதை இழுக்கும்? தண்ணீர் இருக்கை மட்டம்வரை ஏறியது.

மாலையில் தண்ணீர் சற்று இறங்கியதும், "மச்சான், ஸ்டார்ட் பண்ணி மேட்டுக்கு ஏற்றிவிடட்டுமா?" என்று மாப்பிள்ளை வாசலிலிருந்து கேட்டார். நான் உள்ளே தங்கையோடு அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று நான் கத்தியது மழைச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. இன்ஜின் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது.

24 நவம்பர் 2024

காரணத்தைப் புரியும்படி எழுதுகிறேன். புயல், வெள்ளம், நீர் சூழ்தல் ஆகியவை சொந்தச் சேதக் காப்பில் அடங்கும், அதற்குத் தனிக் காப்புத் தேவையில்லை. ஆனால் நின்ற நீரால் நனைந்த கார் வேறு, நீர் புகுந்த நிலையில் இயக்கப்பட்டதால் உடைந்த இன்ஜின் வேறு. காற்றை அழுத்த வேண்டிய சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அழுத்த முடியாது, பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதை வெள்ளத்தின் நேரடிச் சேதம் என்று சாதாரணப் பாலிசி ஏற்பதில்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று விலக்கிவிடுகிறது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அந்த 700 ரூபாய்க் காப்பு இருக்கிறது.

கார் தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள், பொத்தானையும் தொடாதீர்கள். தண்ணீர் மட்டம் தெரியும்படி படம் எடுங்கள், கம்பெனியின் எண்ணுக்கு உடனே தகவல் சொல்லுங்கள், பட்டறைக்கு இழுத்துச் செல்லும் வண்டியில் மட்டும் அனுப்புங்கள்.

25 நவம்பர் 2024

கீழக்கரைத் தம்பி, இப்போது அந்தக் காப்பைச் சேர்க்க முடியுமா என்று கேட்டீர்கள். பொதுவாகப் பாலிசியின் நடுவில் கூடுதல் காப்பைச் சேர்க்க விடுவதில்லை, அடுத்த புதுப்பிப்பில்தான் வாய்ப்பு. அதுவரை மழை எச்சரிக்கை வரும்போதெல்லாம் காரை மேட்டில் நிறுத்துங்கள். என் சொல்லை நம்பி விட்டீர்கள், அதற்காக வருந்துகிறேன்.

12 டிசம்பர் 2024

என் காருக்கு சர்வேயர் வந்து பார்த்துவிட்டார். இருக்கைகள், தரைவிரிப்பு, வயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி என்று மதிப்பீடு 71,400 ரூபாய், கம்பெனி தந்தது 43,900. ஐந்து ஆண்டு முடிந்த கார் என்று சென்ற மே மாதம் ஜீரோ டெப் தர மறுத்துவிட்டார்கள், அதனால் தேய்மானம் பிடித்தார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குப் பாதி. ஐந்து முதல் பத்து ஆண்டு வரையான காரின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது, கூலிக்கும் கிடையாது. 50 சதவீதப் போனஸ் போய்விட்டது. ஆனால் அக்டோபரில் எழுதிய அதே கணக்கைப் போட்டால், ஆறாயிரத்துச் சொச்சம் இழந்து 43,900 ரூபாய் பெற்றிருக்கிறேன். இப்படிப்பட்ட கிளைமை எடுக்கத்தான் வேண்டும்.

மாப்பிள்ளையின் கார் உள்பகுதிக்குப் பணம் வந்தது, 1,38,000 ரூபாய் இன்ஜின் பில்லுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. ஸ்டார்ட் செய்ததை அவர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். மறைத்திருக்கலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னபோது மாப்பிள்ளை, "நடந்ததைத்தான் எழுதுவேன்" என்று முடித்துவிட்டார். நான் அவர் பக்கம். அந்தப் பில்லில் 40,000 ரூபாயை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், தங்கை வாங்க மறுத்தாள். குழந்தைகளின் பெயரில் அஞ்சலகத்தில் போட்டுவிட்டேன்.

8 ஜனவரி 2025

பதில் திருப்தி தராவிட்டால் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

19 பிப்ரவரி 2025

ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர், ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவான) காரில் கோயிலிலிருந்து அரிச்சல்முனைக்கு யாத்திரிகர்களை வாடகைக்கு ஏற்றுவதாகவும் டி போர்டு (வாடகைக் கார்) பாலிசிக்கு இருமடங்கு கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். உங்கள் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். வாடகைக்கு ஓடும்போது நடந்த விபத்தில் சொந்தச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. காயம்பட்டவர்களுக்குக் கம்பெனி கொடுக்க நேர்ந்தாலும் அந்தத் தொகையை உங்களிடமிருந்து வசூலிக்க வழக்குப் போடும். தனுஷ்கோடிச் சாலையின் இருபுறமும் கடல், அடிக்கிற காற்றில் மணல் சாலைக்கு ஏறிக் கிடக்கும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு அங்கே போகிற வண்டிக்கு இந்தச் சேமிப்பு வேண்டாம்.

உப்புக் காற்றில் அடிப்பகுதி துருப்பிடித்ததற்குக் கிளைம் கிடைக்குமா என்று பாம்பன்காரர் கேட்டதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: கிடைக்காது. நாள்பட்ட தேய்மானத்தை எந்தப் பாலிசியும் ஏற்பதில்லை. மாதம் இருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுங்கள்.

16 மே 2025

என் காரைப் புதுப்பித்தேன். ஐந்து ஆண்டைத் தாண்டிய காருக்கு ஐ.டி.வி. இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்வதுதான் என்பதால், ராமநாதபுரத்துப் பழைய கார் சந்தையில் அதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துக்கொண்டு பேசினேன், 2,60,000 என்று தொடங்கியவர்கள் 2,95,000-க்கு வந்தார்கள். போனஸ் பூஜ்யம். "கிளைம் இல்லை என்று டிக் அடித்துவிடலாம் சார், 50 சதவீதம் கிடைக்கும்" என்றார் ஓர் ஏஜென்ட். புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். பொய் என்று தெரிந்தால் அடுத்த கிளைமே நின்றுபோகும். மறுத்துவிட்டேன். இன்ஜின் பாதுகாப்பை இந்த வயது காருக்குத் தரும் கம்பெனியை மூன்றாவது முயற்சியில் கண்டுபிடித்தேன். அதற்கு 1,150 ரூபாய், வண்டியை இழுத்துச் செல்லும் சேவைக்கு 200 ரூபாய். பெரிய பழுதுக்கு மதுரைக்குத்தான் போக வேண்டியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த 200 ரூபாய் மிகவும் முக்கியம்.

28 செப்டம்பர் 2025

22-ஆம் தேதி முதல் இன்சூரன்ஸுக்கு ஜி.எஸ்.டி. கிடையாதாமே, அதுவரை காத்திருந்தது நல்லதாயிற்று என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். வரி நீங்கியது தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும்தான். காருக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அவர்களில் ஒருவர் இதற்காகவே பாலிசியை முடிய விட்டுவிட்டார். 90 நாள் தாண்டுவதற்குள் இன்றைக்கே கட்டுங்கள் ஐயா.

18 அக்டோபர் 2025

கீழக்கரைத் தம்பி புதுப்பித்த தாளை அனுப்பியிருக்கிறார். போனஸ் 45 சதவீதம், ஜீரோ டெப் இருக்கிறது, இன்ஜின் பாதுகாப்பு 740 ரூபாய்க்குச் சேர்ந்திருக்கிறது. பணம் கட்டிய மறுநாளே எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாலிசி ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டார். மாப்பிள்ளையும் சென்ற மாதம் சேர்த்துவிட்டார். தங்கச்சிமடத்து வீட்டு வாசலில் இரண்டு டிராக்டர் மண் அடித்து, கார் நிற்கிற இடத்தைத் தெருவைவிட இரண்டடி உயர்த்தியிருக்கிறார்.